வெள்ளைக்காரன் கட்டத்தில் என் தம்பி

நான் திருவனந்தபுரத்தில் இறங்கிய அன்று ஹர்த்தால். மலையாளிகளுக்கு அது பாதித் திருவிழா. கடை கிடையாது, பஸ் கிடையாது, ஆபீஸ் கிடையாது. முந்தின நாளே கோழியும் குப்பியும் வாங்கி வைத்துவிட்டு வீட்டில் கால் நீட்டிக்கொள்வார்கள். பெட்டியோடு விமான நிலைய வாசலில் நிற்கிறவன் பாடுதான் திண்டாட்டம். யாரை எதிர்த்து நடக்கிறது என்று ஒரு போலீஸ்காரரிடம் கேட்டேன். அவருக்கும் சரியாகத் தெரியவில்லை. "வைகிட்டு ஆறு மணிக்குத் தீரும்" என்றார். வைகிட்டு என்றால் சாயங்காலம். அப்போதுதான் காலைக் காப்பி நேரம்.

லண்டனில் முப்பது வருஷமாக பஸ் ஓட்டுகிறேன். பஸ் ஓடாத ஊரைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதிலும் அன்று எனக்கு அவசரம். என் தம்பி ஹரிஹரனுக்கு மறுநாள் ஆஞ்சியோகிராம். "கூட நிக்க ஆம்பிளை யாரும் இல்லையேண்ணா" என்று அவன் மனைவி லலிதா போனில் அழுததில், கிடைத்த விமானத்தில் ஏறி வந்திருந்தேன்.

சரக்கு வாசல் பக்கம் ஓர் ஆம்புலன்ஸ் புறப்பட்டுக்கொண்டிருந்தது. ஹர்த்தாலில் பாலுக்கும் நோயாளிக்கும் பிணத்துக்கும் மட்டும் வழி உண்டு. கையைக் காட்டினேன். டிரைவர் நெய்யாற்றின்கரைக்குப் போவதாகவும், வழியில் கிள்ளிப்பாலத்தில் இறக்கிவிடுவதாகவும் சொன்னார். எங்கள் வீடு அங்கிருந்து நடக்கிற தூரம்தான், வலியசாலையில். பெட்டியைப் பின்னால் வைக்கப் போனேன். பின்னால் ஏற்கெனவே ஒரு பெட்டி இருந்தது, நீளமாக, வளைகுடா முத்திரை குத்தி.

முன்சீட்டில் டிரைவருக்கும் எனக்கும் நடுவில் செத்தவனின் மச்சான் உட்கார்ந்திருந்தார். மலையாளத்தில் அவர் சொன்னது இவ்வளவுதான்: "முப்பத்தொன்பது வயசு. குடி கிடையாது, பீடி கிடையாது. ராத்திரி சப்பாத்தி தின்றுவிட்டுப் படுத்தான். காலையில் ஷிஃப்டுக்கு எழுப்பப் போனவர்கள் போன் செய்தார்கள்." டிரைவர் ரோட்டைப் பார்த்தபடியே, "நான் எடுக்கிற பெட்டியெல்லாம் இதே வயசு, இதே தீனம்" என்றார். தீனம் என்றால் அங்கே நோய். ஒரு மனித நடமாட்டம் இல்லாத கிழக்கேக்கோட்டை வழியாக அந்த வண்டி பறந்தது. என் வாழ்நாளில் அந்த ஊரில் அவ்வளவு வேகமாகப் போனதில்லை.

ஹரி வாசலிலேயே நின்றிருந்தான். என்னைவிட ஆறு வயது இளையவன். குச்சிக் கை, குச்சிக் கால், நடுவில் பிள்ளையார் மாதிரி ஒரு சின்ன வயிறு. எங்கள் அப்பாவுக்கும் இதே உருவம்தான். இவன் வயது வருகிற வரையில்தான் அப்பாவும் இருந்தார்.

"ஆம்புலன்ஸ்லயா வந்தே? நாளைக்கு எனக்கு வேணும்னு முன்கூட்டியே புக் பண்ணிண்டு வந்துட்டியாக்கும்" என்று சிரித்தான். லலிதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "அபசகுனமா பேசாதேங்கோ" என்று உள்ளே போய்விட்டாள்.

மத்தியானம் எரிசேரி, ஓலன், மாம்பழப் புளிசேரி, அப்பளம். எல்லாவற்றிலும் தேங்காய், எல்லாவற்றின் மேலும் பச்சைத் தேங்காய் எண்ணெய். லண்டனில் இதை நினைத்து நினைத்து ஏங்கியிருக்கிறேன். அன்று ஒவ்வொரு கவளத்தையும் சந்தேகத்தோடு பார்த்தேன். நேந்திரங்காய் வறுவல் டப்பாவை ஹரி தன் பக்கமே வைத்துக்கொண்டான்.

எனக்கும் அந்த வியாதி வந்து போயிருந்தது. இரண்டு வருஷம் முன்பு லண்டனில் ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். பக்கத்துப் படுக்கையில் எங்கள் டிப்போவைச் சேர்ந்த ரான் என்ற வெள்ளைக்காரன். தினமும் பன்றி இறைச்சியும் பியரும் சாப்பிடுகிறவன், என்னைவிட இரண்டு மடங்கு பருமன். அவன் இதயக் குழாய்கள் அகலம், ஒரே இடத்தில் அடைப்பு. எனக்கு மெலிந்த குழாய்கள், நெடுகவும் அழுக்கு. அங்கிருந்த டாக்டர் அம்மாள், "உங்கள் ஊர்க்காரர்களிடம் இப்படித்தான் பார்க்கிறோம்" என்று சொன்னாள். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. லண்டன் ரொட்டியும் வெண்ணெயும் குளிரும் செய்த வேலை என்று நினைத்தேன். ஹரியும் போன வருஷம் போனில் அதையேதான் சொன்னான்: "ஊரை விட்டுப் போனேல்லியோ, அனுபவி. இங்க வலியசாலைல உக்காந்து ரெண்டு வேளை குளிச்சு, சைவம் சாப்ட்டிண்டு இருக்கேன். எனக்கு ஒண்ணும் வராது."

அவன் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. ஹரி செக்ரட்டேரியட்டில் செக்‌ஷன் ஆபீசர். போன வருஷம் ஒரு ஸ்கேன் சென்டர்காரர்கள் ஆபீசுக்கே வந்து சலுகையில் ஆள் பிடித்திருக்கிறார்கள். இதயத்தின் குழாய்களில் படிந்திருக்கிற சுண்ணாம்பை எண்ணிச் சொல்லும் ஸ்கேன். செக்‌ஷன் மொத்தமும் போயிற்று. எண் வந்த பிறகு, அதே வயதுக்காரர்களோடு ஒப்பிட்டு ஆபத்து கூடவா குறைவா என்று கம்ப்யூட்டர் சொல்லும். அதற்கு அது முதலில் இனம் கேட்கும்.

"நாலே நாலு கட்டம் அண்ணா" என்றான் ஹரி, வறுவலை மென்றபடி. "வெள்ளைக்காரா, கறுப்பா, ஸ்பானிஷ் பேசறவா, சீனாக்காரா. நம்மளைக் காணோம். நான் இருபது வருஷமா ஜாதிக் கட்டம் பாக்கறவன். கடைசில 'மற்றவர்'னு ஒண்ணு இல்லாத பட்டியலை நான் பாத்ததே இல்லை கேட்டியா. அந்தப் பொண்ணு முழிக்கறா, சார் எதுல போடட்டும்னு. மோளே, வெள்ளைக்காரன்ல போடு, முன்னோக்கச் சமுதாயம்தானே, வெறுதே கெடக்கட்டும்னேன்."

முன்னோக்கம் என்றால் அங்கே முற்பட்ட ஜாதி. எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். செக்‌ஷனில் நாயர், ஈழவர், சிரியன் கிறிஸ்தவர், எங்கள் தமிழ் பிராமணன், அத்தனை பேரும் அன்று வெள்ளைக்காரர்கள் ஆனார்கள். ஹரிக்கு வந்தது மிகச் சின்ன எண். அந்த வயது வெள்ளைக்காரனைவிட ஆபத்து குறைவு என்று அடியில் அச்சடித்திருந்தது. சாட்சி வேண்டுமென்றால் பார்த்துக்கொள் என்று பூஜை அலமாரியைக் காட்டினான். பத்மநாபசாமி படத்துக்குப் பக்கத்தில் அந்த ரிப்போர்ட் பிளாஸ்டிக் உறை போட்டு நின்றது.

அந்த ஒரு தாளை நம்பி, மாடிப்படி ஏறும்போது நெஞ்சைப் பிடித்த வலியை முழு வருஷமும் வாயு என்றான். தான்வந்தரம் குளிகையைச் சீரக வெந்நீரில் கரைத்துக் குடித்தான். கடைசியில் ஆபீஸ் வராந்தாவில் வேர்த்துக் கொட்டி உட்கார்ந்தபோது மற்றவர்கள் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

மறுநாள் ஆஸ்பத்திரி. லலிதா முதலில் பழவங்காடிப் பிள்ளையாருக்கு வேண்டிக்கொண்டுதான் ஆட்டோவில் ஏறினாள். கத்தி படாமல் திரும்பி வந்தால் இருபத்தொரு தேங்காய். எனக்கு அந்த வேண்டுதலின் வாசகம் அப்போதே பிடிக்கவில்லை. பிள்ளையாரிடம் பேசும்போது தெளிவாகப் பேச வேண்டும். ஆட்டோக்காரன் பழவங்காடித் திருப்பத்தில் ஒரு ஸ்கூட்டரை உரசிவிட்டு, இறங்கி நியாயம் பேச ஆரம்பித்தான். நோயாளி இருக்கிறார் என்று நான் கத்தினேன். ஸ்கூட்டர்க்காரர் உள்ளே எட்டிப் பார்த்து, யார் நோயாளி என்று கேட்டார். ஹரியைவிட நான்தான் அவருக்கு நோயாளியாகத் தெரிந்திருக்கிறேன்.

கேரளத்து ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு அடுத்த பெரிய பதவி 'பைஸ்டாண்டர்'. கூட நிற்கிறவன் என்று பொருள். மருந்து வாங்குவது, கஞ்சி வாங்குவது, கையெழுத்துப் போடுவது, கெட்ட சேதி கேட்பது, எல்லாம் அவன் வேலை. ஹரியை உள்ளே கொண்டுபோன பிறகு நான் அந்தப் பதவியோடு வெளியே உட்கார்ந்தேன். மீரா, ஹரியின் ஒரே பெண், இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம், எனக்குக் கேன்டீனிலிருந்து பழம்பொரி, அந்த ஊர் வாழைப்பழ பஜ்ஜி, வாங்கி வந்தாள். எண்ணெய் சொட்டியது. "பெரியப்பா, தின்னாதேங்கோ, பேப்பர்ல ஒத்திட்டுத் தரேன்" என்று பிடுங்கிக்கொண்டாள். அம்மாவிடம் தமிழும் செல்போனில் மலையாளமும் ஒரே மூச்சில் பேசினாள்.

எதிர் வரிசையில் ஒரு ஜெர்மன் கிழவி. கோவளத்துக்கு வந்த இடத்தில் அவள் கணவருக்கு நெஞ்சு வலி. கொத்தனாராக இருந்து ஓய்வு பெற்றவராம். எழுபதை நெருங்குகிறவர், வாழ்க்கை முழுக்கப் புகைத்தவர் என்று கிழவி சொன்னாள். எங்களுக்கு முன்னால் அவர் முறை. கொஞ்ச நேரத்தில் ஒரு நர்ஸ் வந்து ஒரு ஸ்டென்ட் வைத்தாகிவிட்டது, மூன்று நாளில் கடற்கரைக்குப் போகலாம் என்றாள். கிழவி என் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினாள். நானும் சந்தோஷப்பட்டேன். நல்ல சகுனம் என்றே எடுத்துக்கொண்டேன்.

பிறகு, "ஹரிஹரன்டெ பைஸ்டாண்டர்" என்று கூப்பிட்டார்கள்.

கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் ஓர் இருட்டு அறை. அதில் டாக்டர் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹரி பச்சைத் துணிக்கடியில் படுத்திருந்தான். அவன் பாதம் மட்டும் எனக்குத் தெரிந்தது. லண்டனில் எனக்கு எடுத்த ஆஞ்சியோகிராம் குறுந்தகட்டைக் கொண்டுவந்திருப்பதைச் சொன்னேன். டாக்டருக்கு ஆர்வம் வந்துவிட்டது. அதையும் ஒரு திரையில் ஓட்டினார். இனி அவர் மலையாளத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"இது சற்று முன்னால் செய்த கேஸ். யார் என்று கேட்காதீர்கள். வெளிநாட்டுக்காரர்." மருந்து பாய்ந்ததும் திரையில் கருப்பாகக் குழாய்கள் எழுந்தன. தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற ரப்பர் குழாய் பருமன். அங்கங்கே சுண்ணாம்புத் திட்டு, ஒரே ஓர் இடத்தில் கயிறு கட்டி இறுக்கினது போல ஒரு நெருக்கம். "இது நீங்கள்." என் குழாய்கள் அதில் பாதிகூட இல்லை. "இது உங்கள் தம்பி."

நான் படம் பார்க்கத் தெரிந்தவன் இல்லை. ஆனாலும் தெரிந்தது. மூன்று குழாயும் ஆரம்பத்திலிருந்து கடைசி வரை மெலிந்து, கரடுமுரடாகி, நுனியில் பென்சில் கோடாக மறைந்தன. அடைப்பு எது, குழாய் எது என்று பிரிக்க முடியவில்லை.

"சுண்ணாம்பு எங்கே?" என்று முட்டாள் மாதிரிக் கேட்டேன். "போன வருஷ ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று வந்ததே?"

"அந்த ஸ்கேன் சுண்ணாம்பை மட்டும்தான் பார்க்கும். இவருடையது பெரும்பாலும் மெத்தென்ற கொழுப்பு, இன்னும் சுண்ணாம்பாகவில்லை. அது அங்கே தெரியாது."

கட்டங்களின் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "எந்தக் கட்டத்தில் போட்டிருந்தாலும் இது தெரிந்திருக்காது. ஆனால் நமக்கென்று ஒரு கட்டம் இருந்திருந்தால், ஆபத்து குறைவு என்ற அந்த ஒரு வரி வந்திருக்காமல் இருக்கலாம். நம் ஆட்களுக்கு அட்டவணை யாரும் போடவில்லை. இந்த மேஜையில் நான் தினமும் பார்க்கிறேன், வெள்ளைக்காரர்களைவிடப் பத்து வருஷம் சின்னவர்கள் இப்படி வந்து படுக்கிறார்கள். குழாய் சின்னது என்பார்கள். ஆளே சின்ன ஆள், அதனால்தான் என்று இன்னொருவர் சொல்வார். வயிற்றுக் கொழுப்பு, சர்க்கரை, பரம்பரை, எல்லாம் சொல்வார்கள். ஏன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது."

"பைபாஸ்?"

அறுவை சிகிச்சை டாக்டரைக் கூப்பிட்டார். உயரமான மனிதர், செருப்பு சப்தமில்லாமல் வந்து, நின்றபடியே படத்தை இரண்டு தடவை ஓடவிட்டுப் பார்த்தார். "காலிலிருந்து ரத்தக்குழாய் எடுத்துத் தைக்கலாம். எங்கே தைப்பது? இந்தப் பக்கம் பிடித்துக்கொள்ள நல்ல இடம் ஒன்றாவது வேண்டும்." தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான் விஷயம். மாத்திரை கொடுத்து அனுப்புவதைத் தவிர அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. எவ்வளவு நாள் என்று கேட்டேன். டாக்டர் என் தோளில் கை வைத்தார். அந்தக் கை எனக்குப் பிடிக்கவில்லை.

"அவனிடம் நீங்களே சொல்லுங்கள்" என்றேன். லண்டனில் என் வியாதியை என் முகத்துக்கு நேரே என்னிடம்தான் சொன்னார்கள். நான் சரி என்று சொன்ன பிறகுதான் என் மனைவிக்கே தெரிந்தது. அதைக் கேட்டு டாக்டர் ஆச்சரியப்பட்டார். "இங்கே அப்படி வழக்கமில்லை. பைஸ்டாண்டரிடம் சொல்லுவோம். எவ்வளவு சொல்லலாம் என்பது வீட்டாருக்குத்தானே தெரியும்?" பிறகு எழுந்து போகும்போது சொன்னார்: "அவருக்குப் பிள்ளைகள் இருந்தால் இப்போதே பாருங்கள். பெண் என்று விட்டுவிடாதீர்கள்."

ஹரி வார்டில் தொடையில் குழாய் விட்ட இடத்தில் மணல் மூட்டையோடு மல்லாந்து படுத்திருந்தான். டாக்டர் வந்து அவன் கன்னத்தைத் தட்டினார். "ஆப்பரேஷன் ஒன்றும் செய்யவில்லை. மருந்து தருகிறேன். பாரம் தூக்காதே, தேங்காய் எண்ணெயைக் குறை." லலிதா அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். சந்தோஷத்தில் அழுதாள். மீரா என்னைக் கட்டிக்கொண்டாள். நான் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். வாய் திறந்து ஏதாவது சொல்ல வேண்டிய நேரம் அதுதான். சொல்லவில்லை. அன்று நானும் முழு மலையாளி ஆகிவிட்டேன்.

வீட்டில் கல்யாணக்களை. அக்கம்பக்கத்தார் வந்து வந்து, "கத்தி படலையாமே, பகவான் காப்பாத்தினார்" என்று விசாரித்தார்கள். ஒரு மாமி பால் பாயசம் கொண்டுவந்தாள். லலிதா எண்ணெய் இல்லாமல் புளியங்கறி வைத்தாள், வாயில் வைக்க விளங்கவில்லை, ஹரி மறுபேச்சு இல்லாமல் சாப்பிட்டான். அதுதான் எனக்கு முதல் சந்தேகம். என் தம்பி உப்பு ஒரு கல் குறைந்தாலும் அரை மணி நேரம் பேசுகிறவன்.

இரண்டு நாள் கழித்து வேண்டுதலைத் தீர்க்கப் போனோம். பழவங்காடியில் தேங்காய் உடைப்பதென்றால் தட்டி உடைப்பதில்லை. கல்லில் ஓங்கி எறிய வேண்டும், சிதற வேண்டும். சாலையில் பஸ்களின் ஹாரன், உள்ளே ஓயாமல் தேங்காய் வெடிக்கிற சத்தம், காலடியில் இளநீர்ச் சேறு. நேர்ந்துகொண்டவர்கள் கூடை கூடையாக எறிந்துகொண்டிருந்தார்கள். ஹரி பாரம் தூக்கக்கூடாது. ஓங்கி எறிவது எனக்கும் கூடாது. அதனால் மீரா துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு எறிந்தாள். லலிதா ஒவ்வொரு தேங்காயாக எடுத்துக் கண்ணில் ஒற்றி அவளிடம் கொடுத்தாள். அண்ணனும் தம்பியும் தூண் ஓரமாக, பந்தயத்தில் சேர்க்காத குதிரைகளாக நின்றோம்.

"அண்ணா" என்றான் ஹரி. கண் மகள் மேலேயே இருந்தது. "டாக்டர் உன்னைத் தனியா உள்ளே கூப்ட்டாரே, என்ன சொன்னார்னு நான் கேக்கலை. கேக்கவும் மாட்டேன்."

நானும் மீராவையே பார்த்தேன்.

"இருபது வருஷமா ஃபைல் பாக்கறேன். மேல போன ஃபைல் 'நடவடிக்கை இல்லை'ன்னு திரும்பி வந்தா, பார்ட்டி சந்தோஷமா லட்டு வாங்கிண்டு வருவான், கேஸ் தீந்துபோச்சுன்னு. யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாததைத்தான் அப்படி எழுதுவோம்னு செக்‌ஷன்ல இருக்கற எங்களுக்குத்தான் தெரியும்." ஒரு தேங்காய் வெடித்தது. "லலிதாகிட்ட சொல்லாதே. அவ கேட்டதைத்தானே பிள்ளையார் கொடுத்திருக்கார். பாவம்."

அவன் கையைப் பிடித்தேன். சின்ன வயதில் சாலை தாண்டும்போது பிடித்ததற்கு அப்புறம் அந்தக் கையை நான் பிடித்ததே இல்லை. சில்லென்றிருந்தது.

"மீராவை மட்டும் பாத்துக்கோ. எல்லாப் பரிசோதனையும் பண்ணிடு. கம்ப்யூட்டர் கட்டம் கேட்டா எதுலயும் போடாதே. நம்ம அப்பா, தாத்தா எந்த வயசுல போனாங்கறதைச் சொல்லச் சொல்லு. அதாக்கும் நம்ம அட்டவணை."

கடைசித் தேங்காய் நழுவிப் படியில் உருண்டது. மீரா ஓடிப் பிடித்து, சிரித்துக்கொண்டே திரும்ப வந்து எறிந்தாள். ஒரு சில்லு எங்கள் காலடி வரைக்கும் வந்து விழுந்தது. லலிதா கை கூப்பிக் கண் மூடி நின்றாள். அவ்வளவு நிம்மதியான முகத்தை நான் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்ததும் ஹரி பூஜை அலமாரியிலிருந்து அந்த உறை போட்ட தாளை எடுத்து, பழைய செய்தித்தாள்களோடு வைத்தான். அவள் கவனிக்கவில்லை.

லண்டனில் டிப்போவுக்குத் திரும்பின அன்று ரான் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினான். தட்டில் வறுத்த முட்டையும் பன்றி இறைச்சியும் வைத்திருந்தான். ஊர் எப்படி என்றான். நன்றாக இருக்கிறது என்றேன். அவன் மேல் எனக்குக் கோபம் வந்தது. அவன் என்ன செய்வான், பாவம்.

அடுத்த தடவை நான் திருவனந்தபுரத்தில் இறங்கியது அதே வருஷம், மீரா போனில் அழுத மறுநாள். ஹர்த்தால் இல்லை. டாக்சிகள் வரிசையாக நின்றன. பெட்டியைத் தூக்கி வைத்த டிரைவர், "திருதியுண்டோ சாரே?" என்று கேட்டான், அவசரமா என்று. இல்லை என்றேன். கிழக்கேக்கோட்டையில் நல்ல நெரிசல். மெதுவாகத்தான் போனான்.